எந்த நியமத்தைத் தெரிவது? மின்வணிக இணைப்புப் பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்திலும் வடமராட்சி, தீவகப் பக்கங்களிலும் உள்ள சிறு உற்பத்தியாளர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் ஏற்றுமதி செய்பவர்களுக்கும் கணக்கு, கையிருப்பு மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். கறித்தூள், பனங்கட்டி, நல்லெண்ணெய், கருவாடு, ஒடியல் மா என்று எங்கள் வாடிக்கையாளர்களின் சாமான்கள் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போகின்றன. சாமான் போகத் தொடங்கிச் சில மாதத்தில் வாங்குபவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும்: "இனி ஓடரும் இன்வொய்சும் சிஸ்டம் வழியாகத்தான். நீங்கள் எந்த நியமத்தில் தருவீர்கள்?" அந்த மின்னஞ்சலோடு எங்களிடம் வருபவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். கடைக்காரருக்கும் விளங்க வேண்டும், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கும் பயன்பட வேண்டும் என்பதால் சில பதில்கள் நீளமானவை.

நியமம் எண்டால் என்ன? அது இல்லாமல் வியாபாரம் நடக்காதோ?

நடக்கும், இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தால். சுன்னாகம் சந்தையில் "ஒரு கட்டு" என்றால் எவ்வளவு என்று வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தெரியும். கணினிக்குத் தெரியாது.

பனங்கட்டி செய்யும் வாடிக்கையாளர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். வாங்குபவரின் சிஸ்டத்திலிருந்து "பனங்கட்டி 12" என்று ஓடர் வந்தது. இவர் குட்டான் (பனையோலையில் பின்னிய சிறு கொள்கலம்) கணக்கில் விற்பவர். 12 குட்டானைக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அவர்கள் கேட்டிருந்தது 12 பெட்டி. பெட்டிக்கு 24 குட்டான், ஆக 288. இரண்டு பக்கத்து மென்பொருளும் சரியாகத்தான் வேலை செய்தன. 12 என்ற எண்ணும் பிழையில்லாமல் வந்து சேர்ந்தது. 12 என்ன என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

அந்த "என்ன" என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஒப்பந்தம்தான் நியமம். ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் இயங்கும் யூஎன்-சிஃபாக்ட் என்ற அமைப்பு அளவைகளுக்கென்று ஒரு குறியீட்டுப் பட்டியல் வைத்திருக்கிறது. 20ஆம் இலக்கப் பரிந்துரை என்பார்கள். கிலோகிராமுக்கு 'கேஜிஎம்', ஒரு துண்டுக்கு 'எச்87'. குட்டானுக்கு அதில் இடமில்லை. ஆகவே குட்டானின் எண்ணிக்கையை 'எச்87' என்றும் நிறையைத் தனியே 'கேஜிஎம்' என்றும் எழுதினோம். ஒரு குட்டானுக்கு ஒரு பொருள் எண், 24 அடங்கிய பெட்டிக்கு வேறொரு பொருள் எண். பட்டைக்குறி (பார்கோட்) எண்களுக்கான ஜீஎஸ்1 முறையில் சில்லறைப் பொருளுக்கு 13 இலக்க எண்ணும் வெளிப்பெட்டிக்கு 14 இலக்க எண்ணும் கொடுக்க இடம் வைத்திருப்பது இதற்காகத்தான். (இலங்கையில் பதிந்த எண்கள் 479 என்று தொடங்கும்; கடைக்குப் போனால் பிஸ்கட் பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள்.) அந்த இரண்டு எண்களும் வந்த பிறகு 12 பற்றிய பிரச்சினை அவருக்குத் திரும்ப வரவில்லை.

ஒரே வேலைக்கு ஏன் இத்தனை நியமங்கள்? எதைப் பார்த்தாலும் மூன்றெழுத்துப் பெயராக் கிடக்குது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு கடிதத்தை நினையுங்கள். அது போகும் தபால் வழி ஒன்று. அதைப் போட்டு ஒட்டிய உறை இன்னொன்று. உள்ளே இருக்கும் தாளில் எதை எங்கே எழுதுவது என்ற ஒழுங்கு மூன்றாவது. எழுதிய சொற்களுக்கு என்ன பொருள் என்பது நாலாவது. மின்வணிக நியமங்களும் இந்த நாலு அடுக்கில்தான் நிற்கின்றன. ஏஎஸ்2, ஏஎஸ்4 என்பவை தபால் வழி. சோப் என்பது உறை. யூபிஎல், ஈடிஃபாக்ட் போன்றவை தாளின் ஒழுங்கு. மேலே சொன்ன 'கேஜிஎம்', பொருள் எண், நாணயக் குறியீடு எல்லாம் சொல்லின் பொருள்.

"யூபிஎல் நல்லதா, ரெஸ்ட் நல்லதா?" என்று கேட்டு வருபவர்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று போட்டியிடுவன அல்ல. யூபிஎல் தாளின் ஒழுங்கு, ரெஸ்ட் வலை வழியே பேசும் ஒரு முறை. யூபிஎல் இன்வொய்சை ரெஸ்ட் வழியாக அனுப்பலாம், ஏஎஸ்4 வழியாகவும் அனுப்பலாம்.

ஒரே அடுக்குக்குள் போட்டி வந்ததற்குக் காரணம் வரலாறு. அமெரிக்காவில் எக்ஸ்12 குழு 1979இல் தொடங்கியது. உலகப் பொது முறையாக ஈடிஃபாக்ட் 1987இல் ஐஎஸ்ஓ நியமமாக வந்தது. 1998இல் எக்ஸ்எம்எல் (தரவைக் குறிச்சொற்களுக்குள் எழுதும் வடிவம்) வந்ததும், எல்லாவற்றையும் புதிதாகச் செய்யலாம் என்ற உற்சாகத்தில் பெரிய கொம்பனிகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து ஒவ்வொன்றைத் தொடங்கின. செய்தி தவறாமல் போய்ச்சேர வேண்டும் என்ற ஒரே தேவைக்கு ஒரு பக்கம் சன், ஒரக்கிள், ஃபுஜிற்சு சேர்ந்து ஒரு முறையையும், மறுபக்கம் ஐபிஎம், மைக்ரோசொஃப்ட், பிஈஏ சேர்ந்து இன்னொரு முறையையும் 2003இல் வெளியிட்டன. அந்தப் போட்டியின் சுமையைச் சுமந்தது எங்களைப் போல இரண்டு பக்கத்துக்கும் இணைப்புச் செய்ய வேண்டியிருந்த சிறியவர்கள்.

ஈடிஐ பழசுதானே? 2025க்குப் பிறகும் அதைக் கேட்கிற ஆட்களோடு ஏன் மினக்கெட வேணும்?

ஈடிஐ என்பது எக்ஸ்12, ஈடிஃபாக்ட் போன்ற மின் தரவுப் பரிமாற்ற முறைகளின் பொதுப்பெயர். பழசுதான். ஆனால் வேலை செய்கிறது, அதனால் போகவில்லை. பெரிய சில்லறைச் சங்கிலிகளின் ஓடர்கள் இன்றைக்கும் ஈடிஐயில் ஓடுகின்றன. 1996ஆம் ஆண்டின் முதலாவது ஈடிஃபாக்ட் தொகுப்பை அடிப்படையாக வைத்த ஓடர்களை இப்போதும் கேட்கிறார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மாறாமல் நிற்கும் ஒன்றை ஒருமுறை செய்து முடித்தால் நெடுங்காலம் தொடத் தேவையில்லை என்பதையும் யோசியுங்கள்.

உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருமுறை திறந்து பாருங்கள், பயம் போய்விடும். ஒரு வரியில் 'க்யூரீவை' என்ற மூன்று எழுத்து, ஒரு கூட்டல் குறி, 21, முக்காற்புள்ளி, 12, கடைசியில் ஒற்றை மேற்கோள் குறி. 'க்யூரீவை' என்றால் அளவு. 21 என்றால் "ஓடர் செய்த அளவு". 12 என்பது எண்ணிக்கை. அந்த 21 இருக்கும் இடத்தில் 12 வந்தால் "அனுப்பிய அளவு" என்று பொருள் மாறிவிடும். இடம்தான் எல்லாம். கூட்டல் குறி புலங்களைப் பிரிக்கும், முக்காற்புள்ளி உட்புலங்களைப் பிரிக்கும், ஒற்றை மேற்கோள் வரியை முடிக்கும்.

புதிதாகச் செய்பவர்கள் விழும் குழியும் இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒற்றை மேற்கோள் குறியோடு பெயர் எழுதும் கடைகள் எங்கள் ஊரில் நிறைய. அந்தப் பெயரை அப்படியே போட்டால் பெயரின் நடுவிலேயே வரி முடிந்துவிடும். மீதிப் பெயர் புது வரியாகப் போய் நிற்கும், ஓடர் திரும்பி வரும். குறிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட வேண்டும் என்பது விதி. கேள்விக்குறியே பெயரில் இருந்தால் அதற்கும் முன்னால் இன்னொரு கேள்விக்குறி.

எங்கள் ஆலோசனை: வாங்குபவர் ஈடிஐ கேட்டால் வாதாடாதீர்கள். ஆனால் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள். எந்த ஆண்டுத் தொகுப்பு, அவர்களுடைய வழிகாட்டி ஆவணம், இடையில் செய்தி கடத்தும் நிறுவனம் இருந்தால் மாதக் கட்டணத்தை யார் கட்டுவது. மூன்றாவதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்ட ஒருவருக்குப் பனங்கட்டியில் வந்த இலாபத்தில் பாதி அந்தக் கட்டணத்துக்கே போனது.

சோப் எடுப்பதோ, ரெஸ்ட் எடுப்பதோ?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. சோப் 1998இல் உருவாகத் தொடங்கியது, அதன் 1.2 பதிப்பை 2003 ஜூனில் வலை நியமங்களைச் செய்யும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக ஏற்றது. ரெஸ்ட் என்பது ரோய் ஃபீல்டிங் 2000ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் விவரித்த கட்டமைப்புப் பாணி. இங்கே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது: சோப் ஒரு நியமம். ரெஸ்ட் நியமமே இல்லை. "எங்களிடம் ரெஸ்ட் ஏபிஐ (வெளி மென்பொருள் பேசும் வாசல்) இருக்கிறது" என்று ஒரு கொம்பனி சொன்னால், வலைத்தளங்கள் பயன்படுத்தும் எச்ரீரீபீ வழியாகப் பேசுவோம் என்பதற்கு மேல் அவர்கள் ஒன்றையும் உறுதி சொல்லவில்லை. திகதியை எப்படி எழுதுவார்கள், பிழை வந்தால் என்ன அனுப்புவார்கள், பட்டியல் நீண்டால் எப்படிப் பக்கம் பிரிப்பார்கள் என்பதெல்லாம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம்.

சோப் பக்கத்தில் டபிள்யூஎஸ்டிஎல் என்ற ஒப்பந்தக் கோப்பு ஒன்று இருக்கும். அதைக் கொடுத்தால் உங்கள் நிரல் பாதி தானாகவே எழுதப்பட்டுவிடும். அந்த மொழியை எழுதியவர்களில் இலங்கையரான சஞ்சீவ வீரவரணவும் ஒருவர். அவர் பின்னர் 2005இல் கொழும்பில் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தைத் தொடங்கினார். சோப் செய்திகளைக் கையாள உலகமெங்கும் பயன்பட்ட அப்பாச்சி அக்சிஸ்2 மென்பொருளில் பெரும் பங்கு இலங்கை நிரலாளர்களுடையது. இந்த நியமங்கள் எங்கோ தூரத்தில் எழுதப்படுபவை, நாங்கள் பின்பற்றுவதற்கு மட்டும் பிறந்தவர்கள் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதை வேண்டுமென்றே சொல்கிறோம்.

நடைமுறையில் நாங்கள் செய்வது இது. எதிர்ப்பக்கம் ஒரு வங்கியோ காப்புறுதிக் கொம்பனியோ டபிள்யூஎஸ்டிஎல் கோப்பைத் தந்தால், மறுபேச்சில்லாமல் சோப். கையால் எழுதாமல் கருவியைக் கொண்டு நிரலை உருவாக்குங்கள். செய்தியின் ஒரு பகுதியை மட்டும் கையொப்பமிட்டு, இடையில் இரண்டு மூன்று சேர்வர்களைத் தாண்டிப் போனாலும் அது கலையாமல் இருக்க வேண்டும் என்ற தேவை வந்தால் சோப்பின் பாதுகாப்பு நியமம் இன்னும் பெறுமதியானது. வேறெந்த இணைப்புக்கும், குறிப்பாக நீங்களே புதிதாகத் தொடங்கும் எதற்கும், ரெஸ்ட். ஆனால் முதல் வரி நிரல் எழுதுமுன் ஓப்பன்ஏபிஐ முறையில் ஒப்பந்தத்தை எழுதி, எதிர்ப்பக்கத்தவரின் சம்மதத்தை வாங்குங்கள். ரெஸ்டில் இல்லாத ஒப்பந்தத்தை அதுதான் கொண்டுவந்து வைக்கிறது. ஓப்பன்ஏபிஐ முதலில் ஸ்வாகர் என்ற பெயரில் 2011இல் வெளிவந்தது. இப்போது அனேகமாக எல்லாக் கருவியும் அதை வாசிக்கும்.

கிராஃப்க்யூஎல், ஜீஆர்பிசி?

இரண்டும் மென்பொருள்கள் ஒன்றிடமொன்று தரவு கேட்டு வாங்கும் புதிய முறைகள். உங்கள் சொந்த மென்பொருளின் உள்ளே தாராளமாகப் பயன்படுத்துங்கள். வெளியாருடன் ஓடர், இன்வொய்ஸ் பரிமாற அவற்றைக் கேட்ட வாங்குபவர் எவரையும் நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

கரண்ட் போய், லைன் விட்டு, ஓடர் ரண்டு தரம் போயிட்டுது. எந்த நியமம் இதைத் தடுக்கும்?

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இந்தப் பாடத்தை நாங்கள் படித்தோம். கறித்தூள் ஆலை ஒன்றின் கணினி, வேர்க்கொம்பும் மல்லியும் வாங்க விநியோகத்தரின் சிஸ்டத்துக்கு ஓடர் அனுப்பிக்கொண்டிருந்தது. ஓடர் போய்விட்டது, "கிடைத்தது" என்ற பதில் திரும்பி வருமுன் றவுட்டர் நின்றது. கரண்ட் வந்ததும் மென்பொருள், பதில் வரவில்லை என்று திரும்ப அனுப்பியது. மறுபடி நின்றது. மூன்றாம் தரமும் அனுப்பியது. அடுத்த நாள் வாசலில் மூன்று மடங்கு மல்லி இறங்கியது. இணைப்பை எழுதியவர்கள் நாங்கள்தான், பிழையும் எங்களுடையது.

செய்தி சரியாக ஒரு தரம் மட்டும் கணக்கில் சேர வேண்டும் என்பதை ஈபி-எக்ஸ்எம்எல் (எக்ஸ்எம்எல்லில் அமைந்த மின்வணிக நியமத் தொகுப்பு) செய்தி முறையும் சோப்பின் நம்பகச் செய்தி நியமமும் தாங்களாகவே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு அடையாள எண் உண்டு. அதே எண் இரண்டாம் தரம் வந்தால் பெறுபவர் ஒதுக்கிவிடுவார். ஏஎஸ்2 முறையிலும் பெறுபவர் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டைத் திருப்பி அனுப்புவார். ரெஸ்டில் இதை நீங்களே கட்ட வேண்டும். எச்ரீரீபீயில் 'புட்' கோரிக்கையை எத்தனை தரம் அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான் என்பது விதி. 'போஸ்ட்' கோரிக்கைக்கு அந்த உறுதி இல்லை. ஆகவே ஓடர் பிறக்கும்போதே, வலைப்பின்னலைத் தொடுமுன், அதற்கு ஒரு தனி எண்ணைக் கொடுத்து உங்கள் தரவுத்தளத்தில் எழுதிவிடுங்கள். எத்தனை தரம் அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்புங்கள். எதிர்ப்பக்கம் அந்த எண்ணைப் பார்க்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு வழிகளுக்குள் எதைத் தெரிவது என்று தடுமாறினால் எங்கள் ஊர் நிலவரத்தில் இந்த ஒரு கேள்வியே போதும்: பாதியில் அறுந்தால் என்ன நடக்கும்?

ஈபி-எக்ஸ்எம்எல் செத்துப்போச்சு எண்டு சொல்லுகினம், உண்மையோ?

பெயர் மங்கிவிட்டது, உள்ளிருப்பது உயிரோடு இருக்கிறது. யூஎன்-சிஃபாக்ட்டும், நியமங்கள் செய்யும் ஓஏசிஸ் அமைப்பும் சேர்ந்து 1999 நவம்பரில் தொடங்கி 18 மாதத்தில், 2001 மே மாதம் வியன்னாவில் அதை ஏற்றுக்கொண்டன. சிறு வணிகங்களும் பெரியவர்களைப் போல மின்வணிகம் செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம்; அந்த நோக்கத்துக்காகவே எங்களுக்கு அதில் ஒரு பற்று. முழுத் தொகுப்பாக அதை எடுத்தவர்கள் குறைவு. ஆனால் அதன் செய்தி அனுப்பும் பகுதியின் மூன்றாம் பதிப்பிலிருந்து வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்து 2013இல் ஏஎஸ்4 நியமம் செய்யப்பட்டது. ஐரோப்பாவிலும் சிங்கப்பூரிலும் இன்வொய்சுகள் ஓடும் பெப்பொல் வலைப்பின்னல் இன்று அந்த ஏஎஸ்4 மீதுதான் ஓடுகிறது.

மறுபக்கம் யூடிடிஐ. 2000ஆம் ஆண்டு ஐபிஎம், மைக்ரோசொஃப்ட், அரிபா மூன்றும் அறிவித்த உலகச் சேவை விவரக்கொத்து. உலகின் எல்லா வணிகமும் தன்னை அதில் பதியும், கணினிகள் தாமாகவே தேடி வியாபாரம் செய்யும் என்றார்கள். 2006 ஜனவரியில் பொது விவரக்கொத்தை மூடிவிட்டார்கள். அறிமுகமில்லாத ஒருவரிடம் விவரக்கொத்தைப் பார்த்துச் சரக்கு வாங்கும் வியாபாரி இல்லை. பின்னால் நின்ற பெயர்களின் பெருமையைப் பார்த்து ஒரு நியமத்தைத் தெரிய வேண்டாம் என்பதற்கு நாங்கள் காட்டும் உதாரணம் இது.

ஜேசனோ, எக்ஸ்எம்எல்லோ?

எதிர்ப்பக்கம் கேட்பது எதுவோ அது. இரண்டும் தரவை எழுத்தாக எழுதும் வடிவங்கள், இரண்டிலும் அதே விடயத்தை எழுதலாம். காசு விடயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஜேசனில் வெறும் எண்ணாக எழுதிய தொகையைப் பல நிரல் மொழிகள் இரும மிதவைப் புள்ளியாக வாசிக்கும். அந்த முறையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. ஒரு இன்வொய்சில் தெரியாது. மாதக் கடைசியில் கணக்கு சில சதங்களால் இடிக்கும். தொகையை எழுத்துச் சரமாகவோ சதக் கணக்கில் முழு எண்ணாகவோ அனுப்புங்கள், நாணயக் குறியீட்டையும் பக்கத்தில் எழுதுங்கள். யூபிஎல்லில் தொகை எழுதும் இடத்திலெல்லாம் நாணயக் குறியீடு கட்டாயம். அந்தக் கண்டிப்பு எங்களுக்குப் பிடிக்கும். இலங்கை ரூபாவும் கனேடிய டொலரும் ஒரே கோப்பில் வரும் வியாபாரம் எங்களுடையது.

சாமான் பெயரைத் தமிழில் போட்டால் எதிர்ப்பக்கம் குப்பையாத் தெரியுதாம். தமிழை விட்டிடவோ?

விட வேண்டாம். பிழை தமிழில் இல்லை, சேமித்த விதத்தில் இருக்கிறது.

எங்கள் ஊரில் பல கடைகளின் பழைய எக்செல் கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. பாமினியில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். 'க' என்று நீங்கள் பார்ப்பது கோப்பில் ஆங்கிலத்தின் ஆறாம் எழுத்து. எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இதில் இன்னொன்றும் உண்டு. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறியைப் பயன்படுத்துவார்கள். ஒரு வாடிக்கையாளரின் சாமான் பட்டியலை எதிர்ப்பக்கத்து மென்பொருள் அரைப்புள்ளியால் புலங்களைப் பிரித்து வாசித்தது. ஒவ்வொரு மெய்யெழுத்திலும் பெயர் உடைந்து அடுத்த நெடுவரிசைக்குத் தாவியது. "மிளகாய்த்தூள்" மூன்று துண்டானது, விலை இருக்க வேண்டிய இடத்தில் பெயரின் நடுத்துண்டு வந்து நின்றது. இரண்டு நாள் அதைத் தேடினோம்.

தீர்வு ஒருங்குறிதான் (யூனிகோட்), யூரீஎஃப்-8 குறிமுறையில். சிஸ்டங்களுக்கு இடையே பரிமாறும் ஜேசன் அந்தக் குறிமுறையில்தான் இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் நியமம் கட்டாயமாக்கியது. எக்ஸ்எம்எல் தொடக்கத்திலிருந்தே ஒருங்குறியைத்தான் எடுத்துக்கொள்கிறது. பழைய ஈடிஃபாக்ட் எழுத்துத் தொகுதிகளில் தமிழுக்கு இடமில்லை. அங்கே பொருள் எண்ணை அனுப்பி, தமிழ்ப் பெயரை உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒருங்குறிக்கு வந்த பிறகும் ஒரு சிறு முள் இருக்கும். 'கொச்சிக்காய்' என்பதில் உள்ள 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சாமான். பெயரைத் தரவுத்தளத்தில் எழுதுமுன் ஒருங்குறியின் இயல்பாக்கத்தைச் செய்துவிடுங்கள், 'என்எஃப்சி' என்ற வடிவம். ஒரு வரி நிரல்தான்.

எக்செல்லும் வட்ஸ்அப்பும் போதாதோ?

மாதத்துக்கு இருபது முப்பது ஓடர் என்றால் போதும், தயங்காமல் சொல்கிறோம். அந்த நிலையில் இணைப்புக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று நாங்களே திருப்பி அனுப்பியிருக்கிறோம். ஆனால் எக்செல்லில் இன்றைக்கே மூன்றைச் சரி செய்யுங்கள்: ஒவ்வொரு சாமானுக்கும் மாறாத எண், அளவைக்குத் தனி நெடுவரிசை, திகதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 ஒழுங்கில். 03/04 என்று எழுதினால் எங்களுக்கு ஏப்ரல் 3. அமெரிக்க மென்பொருளுக்கு மார்ச் 4. நாளைக்கு எந்த நியமம் கேட்டாலும் அந்த எக்செல்லில் இருந்து போகலாம்.

இரண்டு நியமமும் சரிதான் எண்டு எதிர்ப்பக்கம் சொன்னால் எப்படித் தெரிவது?

அப்படிச் சொல்பவர் அபூர்வம். சொன்னால் நாங்கள் பார்க்கும் ஒழுங்கு இது.

ஆவணம் காசில்லாமல் கிடைக்கிறதா? டபிள்யூ3சி, ஐஈரீஎஃப் (இணைய நியமங்களைச் செய்யும் அமைப்பு), ஓஏசிஸ் ஆவணங்களை யாரும் இறக்கலாம். ஐஎஸ்ஓ ஆவணத்தைப் பெரும்பாலும் வாங்க வேண்டும். யூபிஎல் 2.1 ஓஏசிஸிலும் இருக்கிறது, 2015இல் ஐஎஸ்ஓ இலக்கமும் பெற்றது. ஓஏசிஸ் பக்கத்திலிருந்து எடுங்கள். காப்புரிமைக் கட்டணம் கேட்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். டபிள்யூ3சி 2004இல் கட்டணமில்லாக் கொள்கையை ஏற்றது.

அடுத்தது, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு மூன்று பேர் செய்த மென்பொருள் அந்த நியமத்தில் ஒன்றோடொன்று பேசுகிறதா? ஓஏசிஸ் தன் நியமத்தை முழு நியமமாக ஏற்க மூன்று பேரிடமாவது "நாங்கள் பயன்படுத்தினோம்" என்ற கூற்றைக் கேட்கும். நாங்களும் அதையே கேட்கிறோம். ஒரே கொம்பனியின் மென்பொருளில் மட்டும் இயங்கும் "நியமம்" அந்தக் கொம்பனியின் கதவுதான்.

கடைசியாக, விட்டுப் போவது எவ்வளவு கடினம்? இதற்கான பதில் நியமத்தைவிட உங்கள் மென்பொருளில் இருக்கிறது. உங்கள் தரவுத்தளத்தை உங்கள் வியாபாரத்தின் சொற்களில் வையுங்கள்: குட்டான், பெட்டி, தொகுதி இலக்கம், கடன் நாள். வெளி நியமத்துக்கு மாற்றும் வேலையை விளிம்பில் ஒரு சிறு நிரலாக ஒதுக்குங்கள். ஈடிஃபாக்ட்டின் புலப் பெயர்களை அப்படியே தரவுத்தள நெடுவரிசைகளாக்கிய ஒரு மென்பொருளை நாங்கள் திருத்த வேண்டியிருந்தது. வாங்குபவர் மாறியபோது அடித்தளத்தோடு பெயர்க்க வேண்டி வந்தது. எதிர்ப்பக்கம் பேசும் மொழியை எதிர்ப்பக்கம்தான் தீர்மானிக்கிறது. உங்கள் வீட்டுக்குள் பேசும் மொழி உங்களுடையதாக இருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் நாங்கள் உறுதியாக நம்பும் ஒரே விடயம் இது.

வெளிநாட்டுக்காரர் மின் இன்வொய்ஸ் கேட்கினம். பீடிஎஃப் அனுப்பினால் காணாதோ?

பல நாடுகளில் இனிக் காணாது. ஐரோப்பா 2017இல் ஈஎன் 16931 என்ற நியமத்தை வெளியிட்டது. அது முதலில் இன்வொய்சில் என்னென்ன இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பொருள் என்ன என்பதைத்தான் வரையறுக்கிறது. அதன் பிறகே யூபிஎல், யூஎன்-சிஃபாக்ட்டின் இன்வொய்ஸ் வடிவம் என்ற இரண்டை ஏற்கிறது. ஜேர்மனியில் 2025 ஜனவரி 1 முதல் உள்நாட்டு வணிகங்கள் அத்தகைய இன்வொய்சைப் பெறத் தயாராக இருக்க வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியா 2020 ஒக்டோபரில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கியது, ஜேசன் வடிவத்தில். மலேசியா 2024 ஓகஸ்ட்டில் யூபிஎல்லை அடிப்படையாக வைத்துத் தொடங்கியது. இந்தச் சட்டங்கள் அந்தந்த நாட்டு வணிகங்களுக்கு. ஆனால் உங்கள் இறக்குமதியாளர் தன் மென்பொருளை அதற்கேற்ப மாற்றியதும் உங்களிடமும் அதையே எதிர்பார்ப்பார். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு யூபிஎல்லைப் பரிந்துரைக்கிறோம்.

மின் ஆவணம் எங்கட சட்டத்தில செல்லுமோ?

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின் ஆவணங்களையும் மின் கையொப்பத்தையும் ஏற்கிறது. உயில், காணி மாற்றம் போன்ற சில அதில் அடங்கா. பெரிய தொகை ஒப்பந்தமென்றால் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

ஏஎல் ஐசிரீ படிக்கிறன், முதலில் எதைப் படிக்க வேணும் அண்ணை?

எச்ரீரீபீயைப் படியுங்கோ தம்பி, தங்கச்சி. கோரிக்கை, பதில், நிலைக் குறியீடு, தலைப்புகள். மேலே சொன்ன நியமங்களில் புதியவை அனேகமாக எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. அதன் பிறகு ஒரு உண்மையான இன்வொய்சை எடுத்து யூபிஎல்லில் கையால் எழுதிப் பாருங்கள். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கேட்டால் தருவார்கள். வரி எங்கே வருகிறது, கழிவு வரிக்கு முன்னாலா பின்னாலா என்று அந்தக் கடைக்காரரிடமே கேளுங்கள். கருவிகள் மாறும், அவர் சொல்வது மாறாது.

இணைப்பு முடிஞ்சுது எண்டு எப்ப சொல்லலாம்?

ஓடர் ஒன்று போய் இன்வொய்ஸ் ஒன்று வந்தால் முடிந்துவிட்டது என்று எதிர்ப்பக்கம் கையொப்பம் கேட்கும். கொடுக்காதீர்கள். சாதாரண ஓடரோடு இன்னும் நாலை அனுப்பிப் பாருங்கள்: அதே ஓடரை இரண்டாம் தரம், தமிழ்ப் பெயரோடு ஒன்று, பாதி மட்டும் அனுப்பிய ஓடர், உடைந்து திரும்பி வந்த சாமானுக்கான வரவுக் குறிப்பு. கடைசியானதில்தான் அதிகம் இணைப்புகள் நிற்கும். தொகையை எதிர்க்குறியோடு எழுதுவதா, நேர்க்குறியோடு எழுதி ஆவண வகையால் வேறுபடுத்துவதா என்று இரு பக்கமும் பேசியிருக்க மாட்டார்கள். யூபிஎல்லில் வரவுக் குறிப்பு தனி ஆவணம், தொகை நேர்க்குறி. நல்லெண்ணெய்ப் போத்தல் ஆறு உடைந்து திரும்பி வந்ததாக வைத்து ஒன்று அனுப்புங்கள். அது அவர்களின் கணக்கில் கழிந்து, உங்கள் கணக்கிலும் அதே தொகை கழிந்திருந்தால் கையொப்பம் இடலாம்.